பகல்ல மாடு, ராத்திரி முகவீணை: திருமுக்கூடல்ல நான் விட்டுட்டுப் போன ஒரு பேர்

(எபிசோடின் ஆடியோவை எழுத்தாக்கி, கொஞ்சம் சுருக்கித் திருத்திய வடிவம் இது.)



இந்த எபிசோடை நான் ரெண்டு தடவை ரெக்கார்ட் பண்ணேன். முதல் தடவை பண்ணதை டெலீட் பண்ணிட்டேன். மைக் தகராறு எல்லாம் இல்ல. சொன்ன வரலாறே பாதிதான்னு ஒருத்தங்க கண்டுபிடிச்சுட்டாங்க. யார், எப்படின்னு பின்னால சொல்றேன். முதல்ல ஊரைச் சொல்லிடறேன்.

திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் பக்கம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம், அதான் முக்கூடல். சென்னையில இருந்து வர்றதுன்னா, செங்கல்பட்டு தாண்டி காஞ்சிபுரம் போற ரயில்ல பழைய சீவரத்துல இறங்கி, பாலத்தைத் தாண்டினா ஊர். 'மூணு ஆறு சேர்ற இடம்'னு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டுப் போனா கொஞ்சம் ஏமாந்துடுவாங்க. வருஷத்துல பாதி நாள் அங்க சேர்றது மணலும் மணலும்தான்.

என் தாய்மாமா இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருக்கார். 58 வயசு. நாலு கறவை மாடு. ராத்திரியில கூத்துக்கு முகவீணை வாசிக்கிறவர்.

முகவீணைன்னா வீணை இல்ல. நாதஸ்வரத்தோட குட்டித் தம்பி மாதிரி, சீவாளி வெச்சு ஊதுற சின்னக் குழல். சத்தம் மட்டும் சின்னது இல்ல. மைக் வர்றதுக்கு முன்னாடி, திறந்தவெளியில, ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற களரியில கடைசி ஆள் வரைக்கும் கேக்கணும்னு உருவான கருவி. நடிகர் உச்சத்துல பாட, அவர் குரலுக்குப் பின்னாலயே இது ஓடும்.

சின்ன வயசுல நான் பார்த்த காட்சி இது. காலை அஞ்சரை மணி. மாமா ராத்திரி முழுக்க வாசிச்சுட்டு வண்டியில வந்து இறங்குவார். கண்ணு ரெண்டும் செவந்திருக்கும். முகவீணையைத் துணியில சுத்தி உத்திரத்துல சொருகுவார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நேரா மாட்டுக்கிட்ட போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்கு அது சூப்பர்ஹீரோ காட்சி. பகல்ல ஒருத்தர், ராத்திரியில வேற ஒருத்தர்.

நான் வேலைக்குப் போன அப்புறம் அந்தக் காட்சிக்கு வேற அர்த்தம் வந்துடுச்சு. நானும் பகல்ல கோட் எழுதறேன், ராத்திரி பாட்காஸ்ட் எடிட் பண்றேன். ஆன்-கால் வாரம்னா, நடுராத்திரி ஃபோன் அடிச்சு ஏதோ ஒரு சர்வர் விழுந்துடுச்சுன்னு சொல்லும். 'இதை எப்படிடா பேலன்ஸ் பண்ற?'னு எல்லாரும் கேப்பாங்க. அப்பல்லாம் மாமா ஞாபகம்தான் வரும். அவர்கிட்ட ஒரு ஃபார்முலா இருக்கும், அதை வரலாற்றுல தேடிப் பிடிச்சு உங்களுக்குச் சொல்லலாம்னுதான் இந்த எபிசோடை ஆரம்பிச்சேன்.

மாட்டுக்குப் பாடினவங்க

முதல்ல உலகத்தோட இன்னொரு மூலைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்.

கவ்பாய் பாட்டுன்னா நமக்கு ஹாலிவுட்தான் ஞாபகம் வரும். 1930கள்ல இருந்து ஜீன் ஆட்ரி மாதிரி ஆளுங்க குதிரை மேல உட்கார்ந்து கிடார் வாசிச்ச படங்கள். ஆனா அந்தப் பாட்டு சினிமாவுக்குப் பொறந்தது இல்ல. அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் முடிஞ்சதுக்கு அப்புறம், டெக்சாஸ்ல இருந்து வடக்குல இருக்கிற ரயில் நிலையங்களுக்கு ஆயிரக்கணக்குல மாட்டை நடத்தியே ஓட்டிட்டுப் போனாங்க. ராத்திரியில மந்தையைச் சுத்தி ரெண்டு பேர் காவல். ஒரு குச்சி முறிஞ்ச சத்தம் போதும், மொத்த மந்தையும் மிரண்டு ஓடிடும். அதனால காவல் இருக்கிறவன் மெதுவா பாடிக்கிட்டே சுத்துவான். பாட்டு கேட்டுக்கிட்டே இருந்தா மாடு திடுக்கிடாது. அவனுக்கும் தூக்கம் வராது.

இந்தப் பாட்டுகளை ஜான் லோமாக்ஸ் தேடித் தேடித் தொகுத்து 1910ல புத்தகமா போட்டார். இன்னைக்கும் நெவாடா மாநிலத்துல எல்கோன்னு ஒரு சின்ன ஊர்ல, மாட்டுப் பண்ணைக்காரங்க கூடி, தாங்களே எழுதின கவிதையும் பாட்டும் பாடற விழா நடக்குது. 1985ல ஆரம்பிச்சது. எந்த மாசம் நடத்துறாங்க தெரியுமா? கடும் பனி கொட்டுற ஜனவரி கடைசியில. யாராவது அந்தக் குளிர்ல விழா வைப்பாங்களா? வைப்பாங்க. ஏன்னா பண்ணையில வேலை குறைவா இருக்கிற நேரம் அதுதான்.

இந்த ஒரு விவரத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. திரும்பி வருவோம்.

காஞ்சிபுரம் போற வழியில

நம்ம ஊர்ல மாடு மேய்க்கிறவங்களோட இசைக்கு எவ்வளவு பழைய சாட்சி இருக்குன்னு தேடினா, அது திருமுக்கூடலுக்கு ரொம்பப் பக்கத்துலயே கிடைக்குது.

பத்துப்பாட்டுல ஒண்ணு பெரும்பாணாற்றுப்படை. 500 அடி. எழுதினவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்கிட்ட போய்ப் பரிசு வாங்கிக்கோன்னு ஒரு பாணருக்கு வழி சொல்ற பாட்டு. அதாவது, சங்க காலத்துல தொண்டை நாட்டுக்குள்ள நடந்து போற ஒருத்தருக்கான கூகுள் மேப்ஸ். எந்த ஊர்ல யார் இருப்பாங்க, என்ன சாப்பாடு கிடைக்கும், எங்க தங்கலாம், எல்லாம் வரும். உ.வே.சா. பத்துப்பாட்டைத் தேடிப் பதிப்பிச்சது 1889ல. அது மட்டும் நடக்கலன்னா இந்த மேப் நம்ம கைக்கு வந்திருக்காது.

அந்த வழியில ஒரு இடையன் வர்றான். செருப்புப் போட்டுப் போட்டுத் தழும்பு ஏறின கால். மாட்டோட காட்டுலயே தங்குறவன். அவன் என்ன பண்றான்? தீக்கடைகோல்ல நெருப்பு உண்டாக்கி, அந்தக் கொள்ளியாலயே துளை போட்டு, தனக்கு ஒரு குழல் செஞ்சுக்கிறான். அதுல பாலைப் பண் வாசிக்கிறான். அது சலிச்சுப்போனா, குமிழ மரக் கொம்பை வில்லா வளைச்சு, மரல் நாரைத் திரிச்சு நரம்பாக் கட்டி, வில்யாழ் ஒண்ணு செஞ்சு, அதுல குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். அந்தச் சத்தத்தைத் தன் சொந்தக்கார வண்டுன்னு நினைச்சு வண்டுகளே காது கொடுத்துக் கேக்குமாம்.

கடையில வாங்கின கருவி இல்ல, குரு இல்ல, ஆடியன்ஸ் இல்ல. வேலை செய்யுற இடத்துல கிடைச்ச மரமும் நாரும் நெருப்பும்தான் அவனோட ஸ்டூடியோ.

இப்ப இந்தப் பாட்டைக் கேட்டுட்டு இருக்கிறது யார்? ஒரு பாணர். அவர் புரொஃபெஷனல். பெரிய யாழ் வெச்சிருக்கிறவர். இசையைத் தவிர வேற வேலை கிடையாது. அவர் நிலைமை என்ன? பழம் பழுத்த மரத்தைத் தேடுற பறவை மாதிரி, குடும்பத்தோட, பசியோட அலைஞ்சுட்டு இருக்கார். ஸ்பான்சர் வேணும். அந்த ஸ்பான்சர்கிட்ட எப்படிப் போறதுன்னு சொல்றதுக்குத்தான் மொத்தப் பாட்டும்.

ஒரே பாட்டுல ரெண்டு இசைக்காரங்க. ஒருத்தருக்கு முழுநேரமும் இசை, ஆனா சோறு அடுத்தவர் கையில. இன்னொருத்தனுக்கு நாள் முழுக்க மாடு, ஆனா கூழுக்குக் குறைச்சல் இல்ல, யாருக்கும் வாசிச்சுக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்ல. 'வேலையை விட்டுட்டு பேஷனைத் துரத்து'ன்னு ரீல்ஸ்ல சொல்றவங்க இந்தப் பாணரை ஒரு தடவை சந்திச்சுட்டு வரலாம்.

முதல் ரெக்கார்டிங்ல இந்த இடத்துல நான் ரொம்ப உற்சாகமா, 'என் மாமா அந்த இடையனோட வாரிசு'ன்னு பேசியிருந்தேன். அது ஏன் தப்புன்னு வர்றேன்.

விளக்குக்கு ஆடு, மேளத்துக்கு நிலம்

சங்க காலத்துல இருந்து கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் தள்ளி வருவோம்.

திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவர்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. அவர் ஆண்டது 1063ல இருந்து 1070 வரைக்கும். ஆஸ்பத்திரியைப் பத்தின கல்வெட்டுன்னு நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. வீரசோழன்னு பேர் வெச்ச ஆதுலர்சாலை. 15 படுக்கை. ஒரு வைத்தியர், அறுவை செய்யுறதுக்குத் தனியா ஒருத்தர், நோயாளிகளைப் பார்த்துக்கிற பெண்கள், மருந்துப் பேர்களோட பட்டியல். அதே கல்வெட்டுல வேதம் படிக்கிற மாணவர்களோட சாப்பாட்டுச் செலவும் வருது.

எனக்கு அதுல பிடிச்சது அந்த பட்ஜெட். யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசுன்னு ஒவ்வொரு வரியும் எழுதியிருக்கு. அந்தக் காலத்துச் சம்பளம்னா பெரும்பாலும் நெல்லு, இல்லன்னா நிலம். இசைக்கும் அதேதான். தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடிவெச்சப்போ, ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல்லுன்னு கல்லுல எழுதினார். கோயில்ல மேளம் கொட்டுற உவச்சர்களுக்கு உவச்சக்காணி. கூத்து ஆடறவங்களுக்குக் கூத்துக்காணி. காணின்னா உரிமையோட வர்ற நிலம்.

யோசிச்சுப் பாருங்க. கலைஞனுக்கு நிலத்தைச் சம்பளமாக் கொடுத்தா என்ன ஆகும்? ஒண்ணு, அவனே உழணும். இல்ல, உழறவனை வெச்சு மேய்க்கணும். எப்படிப் பார்த்தாலும் மழை, ஏரி, மாடு, விதை எல்லாம் அவன் தலையில வந்து உட்காரும். நம்ம ஊர்ல இசை வாழ்க்கையும் விவசாய வாழ்க்கையும் கலந்துபோனதுக்கு இந்தப் பே-ரோலும் ஒரு காரணம்.

இதே கதையில மாடு ஆடு வளர்க்கிறவங்களும் இருக்காங்க. கோயில்ல ஒரு நந்தா விளக்கு அணையாம எரியணும்னா தினமும் உழக்கு நெய் வேணும். அதுக்கு 96 ஆட்டை ஒரு இடையர்கிட்ட ஒப்படைப்பாங்க. பசுன்னா 48, எருமைன்னா 16. 'சாவா மூவாப் பேராடு'ன்னு அதுக்குப் பேர். ஆடு சாகாதா? சாகும். ஆனா கணக்குல சாகக்கூடாது. செத்தா குட்டியை வெச்சு எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கிட்டே இருக்கணும். இஞ்சினியர் பாஷையில, நோட் விழுந்தாலும் சர்வீஸ் விழக்கூடாது.

ஆக, கோயில்ல ராத்திரி மேளம் கொட்டுறவனுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருது? எங்கேயோ ஒரு கொட்டில்ல ஒருத்தர் விடாம பால் கறந்து, தயிர் கடைஞ்சு, நெய் உருக்கிக்கிட்டே இருக்கிறதால வருது. அந்த வேலைக்கு லீவே கிடையாது. முதல் ரெக்கார்டிங்ல இதைச் சொல்லிட்டு, அந்த 'ஒருத்தர்' யாருன்னு யோசிக்காமலே நான் கடந்து போயிட்டேன்.

காலண்டர்தான் ரகசியம்

இப்ப கூத்துக்கு வருவோம். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரம்னாலே தெருக்கூத்து. கட்டைக்கூத்துன்னும் சொல்வாங்க. கிரீடம், புஜகீர்த்தி மாதிரி ஆபரணங்கள் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரக்கட்டையில செஞ்சது, அதனால கட்டை. செய்யாறு பக்கத்துல இருக்கிற புரிசை ஊரைத் தெரிஞ்சிருக்கும். புரிசை கண்ணப்ப தம்பிரான் பேர் டெல்லி வரைக்கும் போனது. கூத்துப்பட்டறையை ஆரம்பிச்ச ந. முத்துசாமி புரிசையில கூத்து பார்த்து அசந்துபோய் எழுதின கட்டுரைப் புத்தகத்துக்கு வெச்ச பேர் 'அன்று பூட்டிய வண்டி'. கூத்தைப் பத்தின புத்தகம், பேர்ல மாட்டு வண்டி. இந்த மண்ணுல ரெண்டையும் பிரிக்கிறது அவ்வளவு கஷ்டம்.

கூத்தோட பெரிய சீசன் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா. பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரியில கூத்து. பத்து ராத்திரி, சில ஊர்ல அதுக்கும் மேல. அர்ச்சுனன் தபசு அன்னைக்கு உயரமான மரத்துல ஏறிப் பாட்டு. கடைசி நாள் காலையில துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. விராட பர்வத்துல மாடுபிடி சண்டை உண்டு. கௌரவங்க ஓட்டிட்டுப் போற மாட்டை மீட்கிற கதை. அதுக்கு ஊர் மாட்டையே ஓட்டிட்டு வருவாங்க. மேடையில நடிக்கிற மாடும் காலையில ஏர் பூட்டுற மாடும் ஒண்ணுதான்.

மாடு மீட்கிற கதை இந்தப் பக்கத்துக்குப் புதுசும் இல்ல. திருவண்ணாமலை மாவட்டத்துல செங்கம் வட்டாரம் முழுக்க, மாட்டை மீட்கிற சண்டையில செத்தவங்களுக்கு வெச்ச நடுகற்கள் இருக்கு. எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லுல வீரனோட சேர்த்து கள்ளனைக் கடிச்ச நாய்க்கும் இடம் கொடுத்து, கோவிவன்னு அதோட பேரையும் எழுதி வெச்சிருக்காங்க. நாய்க்கே கல்லுல பேர் கிடைச்சிருக்குங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்தத் திருவிழா எல்லாம் எப்ப நடக்கும்? பெரும்பாலும் பங்குனியில இருந்து ஆடிக்குள்ள. ஏன்? பொங்கலோட அறுப்பு முடிஞ்சிருக்கும். ஏரியில தண்ணி வத்தியிருக்கும். அடுத்த உழவுக்கு மழை வரணும். நிலத்துல வேலை இல்ல, மாட்டுக்கும் ஏர் இல்ல. வீட்டுல கொஞ்சம் நெல்லு இருக்கும், நன்கொடை கொடுக்கக் கை இருக்கும். எல்கோவுல ஜனவரி, இங்க பங்குனி. அங்க பனி, இங்க வெயில். கணக்கு ஒண்ணுதான்.

இதுதான் நான் தேடின ஃபார்முலான்னு அப்ப நினைச்சேன். அவங்க யாரும் ஒரே நாள்ல ரெண்டு வேலையையும் பேலன்ஸ் பண்ணல. வருஷமே அவங்களுக்காகப் பிரிச்சு வெச்சிருந்தது. சீசனுக்கு வெளியில வர்றது சாவு வீட்டுக் கூத்து மட்டும்தான். கருமாதிக்கு கர்ண மோட்சம் வைக்கிறது இந்தப் பக்கத்து வழக்கம். அதுக்கு நாள் பார்க்க முடியாது, ஃபோன் வந்தா போகணும். மாமாவோட ஆன்-கால் அது.

காலண்டர் உடைஞ்ச கதை

அந்தக் காலண்டர் இப்ப இல்ல. உடைச்சது ஒரே ஆள் இல்ல.

போர்வெல் வந்தப்புறம் ஏரி வத்தினாலும் பயிர் வைக்கலாம்னு ஆச்சு. சும்மா கிடந்த மாசங்கள் சுருங்கிப்போச்சு. 1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பிச்சது. அப்புறம் ஒரகடம் வரைக்கும் கம்பெனிங்க. பசங்க ஷிஃப்ட்டுக்குப் போனாங்க. ஷிஃப்ட்டுக்குப் பங்குனி, ஆடி எல்லாம் தெரியாது.

மூணாவது காரணத்தைப் பத்திதான் யாரும் அதிகம் பேசறதில்ல. மாடே மாறிப்போச்சு. எங்க தாத்தா காலத்துல வீட்டுல இருந்தது உழவு மாடு. அதுக்கு வேலை உழவுக் காலத்துலதான், மத்த நேரம் மேய்ச்சல். 1970ல ஆரம்பிச்ச வெண்மைப் புரட்சிக்கு அப்புறம் கூட்டுறவுச் சொசைட்டிங்க பெருகி, ஜெர்சி கலப்பு மாடு ஊருக்குள்ள வந்தது. உழவை டிராக்டர் எடுத்துக்கிச்சு. மாட்டு வருமானம் அறுப்புக்கு அறுப்புன்னு இல்லாம வாரா வாரம் வர ஆரம்பிச்சது. எத்தனையோ குடும்பத்தைக் கரையேத்தின காசு அது, அதுல சந்தேகம் இல்ல. ஆனா கறவை மாட்டுக்கு சீசன் கிடையாது. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, 365 நாள். கறக்காம விட்டா மடி கட்டிக்கும், மாடு படுத்துடும். கூத்து விடிய விடிய நடக்கும். காலைக் கறவையும் விடிய நேரம்தான்.

ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டிட்டு, விடியும்போது ஊர்ல இருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி துரியோதனனுக்கு முகவீணை ஊதிட்டு இருக்கிற மனுஷன், அதே விடியலுக்கு நாலு மாட்டை எப்படிக் கறப்பார்?

நான் இந்தக் கேள்வியைக் கேக்கவே இல்ல. ஏன்னா சின்ன வயசுல பார்த்த காட்சியில அவர் வந்து நேரா மாட்டுக்கிட்ட போனார்னு என் கண்ணு பதிவு பண்ணி வெச்சிருந்தது.

அத்தை கேட்ட கேள்வி

போன வைகாசியில, முதல் ரெக்கார்டிங்கை ஃபோன்ல எடுத்துட்டுப் போய் மாமா வீட்டுத் திண்ணையில போட்டுக் காட்டினேன். மாமா கண்ணை மூடிட்டுக் கேட்டார். இடையன் வர்ற இடத்துல சிரிச்சார். அத்தை தட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க. முடிஞ்சதும் மாமா, "நல்லாத்தான் சொல்லிக்கிற மாப்ள"ன்னார்.

அத்தை தலையைத் தூக்காம, "நல்லாருக்குடா. ஆனா அந்த மாடுங்கள யாரு கறந்தாங்கன்னு சொல்லவே இல்லியே"ன்னாங்க.

யாரும் பேசல.

அப்புறம் அத்தை எழுந்து உள்ள போய், பால் சொசைட்டி நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. சின்ன நோட்டு, எண்ணெய்க் கறை. தேதி, காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர். சில தேதிக்குப் பக்கத்துல பேனாவால ஒரு புள்ளி. "இன்னா அத்தை இது?"ன்னேன். "ஒங்க மாமா கூத்துக்குப் போன நாளு"ன்னாங்க. அந்த நாள் காலையிலயும் லிட்டர் குறையல. ஒரு நாள்கூடக் குறையல.

நோட்டு அட்டையில உறுப்பினர் பேர் மாமாவோடது.

நான் சின்னப் பையனா பார்த்த அஞ்சரை மணி, கறவைக்கு முன்னாடி இல்ல, பின்னாடி. அத்தை நாலு மணிக்கு எழுந்து கறந்து முடிச்சுட்டாங்க. மாமா மாட்டுக்கிட்ட போனது வைக்கோல் போட. சில நாள் கட்டுத்தறிப் பக்கமே படுத்துத் தூங்கிடுவாராம்.

அன்னைக்கு இன்னொரு விஷயமும் தெரிஞ்சது. ரெண்டு வருஷமா அத்தைக்குக் கை மரத்துப்போகுது. ராத்திரியில வலி தாங்காம எழுந்து கையை உதறிட்டு உட்கார்ந்திருப்பாங்களாம். டாக்டர் கறக்கிறதைக் குறைக்கச் சொல்லியிருக்கார். "இந்த ஆடிக்கு மேல என்னால ஆவாது. மாடா, மோகவீணையா, நீங்களே சொல்லுங்க"ன்னு மாமாகிட்ட சொல்லிட்டாங்க. மாமா பதில் சொல்லாம ரெண்டு மாசம் ஓட்டியிருக்கார். முகவீணை வாசிக்கிறவங்க இந்தப் பக்கத்துல ரொம்பக் குறைஞ்சுட்டாங்க. இவர் போகலன்னா அந்த ஜமாவுக்கு ஹார்மோனியம் மட்டும்தான். மாட்டை வித்தா மாசச் செலவுக்கு வழி இல்ல. கூத்துக் காசை நம்பி வருஷம் முழுக்க வாழ முடியாது.

இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? கறவை மெஷின் வாங்கலாம், இஎம்ஐ நான் கட்டறேன்னேன். அத்தை, "மெஷினை மாட்டிவிட யாருடா நாலு மணிக்கு எழுந்துப்பாங்க?"ன்னாங்க. அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

மறுபடி அந்தப் பாட்டுக்கு

சென்னை திரும்பி வந்து பெரும்பாணாற்றுப்படையை மறுபடி எடுத்தேன். முதல் தடவை நான் இடையன் குழல் செய்யுற வரியைத் தேடிப் போய், அதை மட்டும் படிச்சுட்டு வந்தவன். இந்தத் தடவை அதுக்கு முன்னாடி இருந்து படிச்சேன்.

இடையன் வர்றதுக்கு முன்னாடியே ஒரு பொண்ணு வர்றாங்க. ஆயர் வீட்டுப் பொண்ணு. விடியக்காலையில, புலி உறுமுற மாதிரி சத்தம் வர மத்தால தயிர் கடையறாங்க. மோர்ப் பானையைத் தலையில வெச்சுக்கிட்டு ஊர் ஊராப் போய் வித்து, அதுக்குத் தானியம் வாங்கி, மொத்தச் சுற்றத்துக்கும் சோறு போடறாங்க. நெய்க்கு விலையா யாராவது தங்கம் கொடுத்தாக்கூட வாங்கிக்க மாட்டாங்க. எருமையும் பசுவும் கன்றும்தான் வாங்கறாங்க. தங்கம் குட்டி போடாது, எருமை போடும்ல? அந்தக் குடியோட ஃபைனான்ஸ் மொத்தமும் அவங்க கையில.

அதுக்கு அப்புறம்தான் காட்டுல குழல் வாசிக்கிற இடையன் வர்றான். புலவர் அந்த வரிசையிலதான் எழுதியிருக்கார். முதல்ல மத்துச் சத்தம், பிறகு குழல் சத்தம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் பார்த்துச் சரியா எழுதினதை, நான் கண்ட்ரோல்-எஃப் போட்டு பாதியை வெட்டிட்டேன். மாமாவோட 'ஃபார்முலா'வை எழுதினப்பவும் அதையேதான் பண்ணியிருக்கேன்.

அந்தப் புலவர் இந்தப் பொண்ணுக்கும் பேர் சொல்லல, இடையனுக்கும் பேர் சொல்லல. சரி. ஆனா வேலையைச் சொன்னார். எடுத்தனூர்ல நாய்க்குப் பேர் இருக்கு. நான் 40 நிமிஷ எபிசோடுல வேலையைக்கூடச் சொல்லல.

ரெண்டையும் பிரிக்காம சேர்க்க முயற்சி பண்ணவங்களும் இந்த மாவட்டத்துல இருந்தாங்கன்னு சொல்லிடறேன். கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் சேர்ந்து, 1990ல உருவான கட்டைக்கூத்துச் சங்கம் மூலமா, காஞ்சிபுரம் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்ல 2002ல குருகுலம் ஆரம்பிச்சாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடப் படிப்பையும் கூத்தையும் ஒரே இடத்துல படிச்சாங்க. ஆம்பளைங்க மட்டுமே ஆடின கூத்துல பொண்ணுங்களும் பயிற்சி எடுத்து ஆடினாங்க. 2020ல குருகுலம் மூடியாச்சு. அங்க படிச்ச பொண்ணுங்க மேடை ஏறினதை யாரும் திரும்ப எடுத்துக்க முடியாது.

கடைசியா என்ன ஆச்சு

ஆடி முடிஞ்சது. மாமா ரெண்டு மாட்டை வித்துட்டார். ரெண்டு இருக்கு. கூத்து ராத்திரியைப் பாதியாக் குறைச்சுட்டார்: பாரதத்துக்குப் போறார், கருமாதிக்குப் போறார், மத்ததுக்கு இல்ல. ஜமாவுல இருக்கிற ஒரு பையனுக்கு ஞாயித்துக்கிழமை முகவீணை சொல்லித் தர்றார். அந்தப் பையன் ஒரகடத்துல ஷிஃப்ட்டுக்குப் போறவன், வாரம் மாறினா வரமாட்டான். கூத்து இல்லாத நாள்ல காலைக் கறவை மாமாவோடது. முதல் வாரம் மாடு உதைச்சுதாம். அத்தை கை வாசனைக்குத்தான் அது பழகியிருக்கு.

வருமானம் குறைஞ்சிருக்கு. நான் மாசாமாசம் கொஞ்சம் அனுப்பறேன். இதை வெற்றிக் கதைன்னு சொல்ல மாட்டேன். நாலு மாடும் நாப்பது ராத்திரியும் சேர்ந்து ஓடினதே அத்தையோட கையாலதான். அந்தக் கை முடியலன்னதும் ரெண்டையும் சுருக்க வேண்டியதாச்சு. கணக்கு இப்பதான் நேராச்சு.

மாட்டுப் பொங்கலுக்கு வாங்க. அன்னைக்குப் பார்வேட்டைக்கு காஞ்சி வரதர் பழைய சீவரம் மலைக்கு வந்துட்டு, பாலாத்தைத் தாண்டி திருமுக்கூடலுக்கு வருவார். ஊரே ஆத்துல இருக்கும். காலையில மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிச்சு, பொங்கல் ஊட்டி முடிச்சுட்டுத்தான் எல்லாரும் கிளம்புவாங்க. அன்னைக்கும் கறக்கணும். போன தடவை நாலு மணிக்கு அலாரம் வெச்சு நானும் எழுந்தேன். அரை லிட்டர் கறக்க எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு. அத்தை பக்கத்துல நின்னு சிரிச்சாங்க. அந்த அரை லிட்டரும் நோட்டுல ஏறியிருக்கு.

அந்த நோட்டுல இப்ப ஒரு மாற்றம். சொசைட்டியில எழுதிக் கொடுத்து, உறுப்பினர் பேரை மாத்திட்டாங்க. அட்டையில இப்ப இருக்கிறது அத்தை பேர்.

உங்க வீட்டுல, உங்க ஆபீஸ்ல, நீங்க 'பேலன்ஸ்' பண்றதா நினைக்கிற விஷயத்தைக் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பாருங்க. காலையில நாலு மணிக்கு யார் எழுந்திருக்காங்கன்னு கேளுங்க. பதில் தெரிஞ்சா எனக்கும் எழுதுங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.